நிற்கும் மரத்தின் கன அளவை மதிப்பிடுதல்

ஒரு காட்டில் ஆண்டுதோறும் எவ்வளவு மரம் வெட்டலாம் என்பது, அங்கு நிற்கும் மரத்தின் அளவையும் அதன் வளர்ச்சியையும் பொறுத்தது. மதிப்பீடு மிகுந்தால் வளர்ச்சிக்கு மேல் வெட்டு நிகழ்ந்து காடு அழியும். குறைந்தால் அரசின் வருவாய் குறையும். ஆகவே அளவை நாடா பிடிப்பவரின் பொறுப்பு பெரிது.

சுற்றளவு எடுத்தல்: இந்தியாவில் இது தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுக்கப்படுகின்றது. இதற்கு மார்பளவு உயரம் என்று பெயர். சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கத்திலிருந்து அளத்தல் வேண்டும். அந்தமான் படாக்கு போன்ற வெப்பமண்டல மரங்களின் அடியில் பலகை வேர்கள் புடைத்திருக்கும். அவற்றுக்கு மேலே தண்டு உருண்டு நேராகும் இடத்தில் அளந்து, அவ்வுயரத்தையும் குறித்தல் வேண்டும். கொடிகளை அகற்றிய பின்னரே நாடாவைச் சுற்றுதல் வேண்டும். சுற்றளவில் 5 விழுக்காடு பிழை நேரின், கன அளவில் 10 விழுக்காட்டுக்கு மேல் பிழை உண்டாகும். ஏனெனில் கன அளவு சுற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்தது.

வடிவ எண்: சுற்றளவின் வர்க்கத்தை 12.57 ஆல் வகுத்தால் தண்டின் குறுக்குப் பரப்புக் கிடைக்கும். சுற்றளவு 1.60 மீட்டராயின் பரப்பு 0.2037 சதுர மீட்டர். உயரம் 20 மீட்டராயின் உருளையின் கன அளவு 4.07 கன மீட்டர். ஆனால் தண்டு மேலே செல்லச் செல்லச் சிறுக்கின்றது. ஆதலின் இதனை வடிவ எண்ணால் பெருக்குதல் வேண்டும். அவ்வெண் 0.4 எனின், மரத்தின் கன அளவு 1.63 கன மீட்டராகும். வடிவ எண் இனத்திற்கும் வயதிற்கும் ஏற்ப மாறும். வெட்டிய மாதிரி மரங்களைப் பகுதி பகுதியாக அளந்தே அதனை அறிதல் இயலும். 1906ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம் சால், தேக்கு முதலியவற்றுக்குக் கன அளவு அட்டவணைகளைத் தயாரித்துள்ளது. அட்டவணை பட்டையுடன் கூடிய அளவைத் தருவதா, பட்டை நீக்கிய அளவைத் தருவதா என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

கால் சுற்றளவு முறை: மரக்கிடங்குகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் இம்முறையில், நடுச் சுற்றளவின் நான்கில் ஒரு பங்கை வர்க்கித்து நீளத்தால் பெருக்குவர். நடுச் சுற்றளவு 1.60 மீட்டரும் நீளம் 6 மீட்டரும் உள்ள கட்டைக்கு இது 0.96 கன மீட்டர் தரும். உண்மைக் கன அளவோ 1.22. அறுப்பில் நேரும் கழிவுக்காக இக்குறைவு ஏற்கப்பட்டது. காட்டில் ஒரு முறையும் கிடங்கில் மற்றொரு முறையும் கையாளப்பட்டு, அது குறிக்கப்படாவிடின், திருட்டு ஏதும் நிகழாமலே ஐந்தில் ஒரு பங்கு மரம் காணாமற் போனதாகத் தோன்றும்; குற்றமற்ற காவலர்மீது பழி விழும்.

ஆதலின் ஒவ்வொரு பதிவிலும் அளந்த உயரம், பட்டையின் நிலை, கணக்கிட்ட முறை ஆகிய மூன்றையும் எழுதுதல் இன்றியமையாதது. ஆசிரியர்கள் பள்ளித் தோட்டத்தில் ஒரே மரத்தைப் பல மாணவர்களைக் கொண்டு அளக்கச் செய்து, விடைகளின் வேறுபாட்டை ஆராயச் செய்யலாம்.