கொழுப்பின் இடம் அறிந்து சமையுங்கள்: மதுரைப் பக்கத்துப் பழைய கறிப் பக்குவங்கள்

மதுரைக் கறிச்சோற்றின் பெருமை முழுக்க ஆட்டுக்கறிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பிய சுப்பா நாயுடு 1937இல் காரைக்குடியில் முதல் முனியாண்டி விலாஸைத் திறந்தார். அந்தப் பெயர்ப்பலகை ஊர் ஊராகப் பரவியபோது ஆட்டுக்கறியும் கோழியும் கூடவே போயின. பன்றிக்கறி அந்த இலைகளில் ஏறவில்லை. திருப்பரங்குன்றம், நிலையூர், திருமங்கலம் சுற்றுவட்டாரத்தில் அதைச் சாப்பிடும் வீடுகளில் அது இன்றைக்கும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சமையல்தான். கார்த்திகை, சஷ்டி என்று முருகனுக்கு விரதம் இருக்கும் ஊரில் கறிக்கு நாள் பார்ப்பார்கள். பன்றிக்கறிக்கென்றே தனிச்சட்டி வைத்துக் கொல்லைப்புற அடுப்பில் ஏற்றுவதும் பல வீடுகளில் வழக்கம்.

இப்படி வீட்டோடு நின்ற சமையலுக்கு எழுதி வைத்த அளவு கிடையாது. ஒரு கை வெங்காயம், கண் பார்த்து உப்பு என்பதுதான் கணக்கு. ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு தெளிவான ஒழுங்கு உண்டு. மசாலா எவ்வளவு என்பது அதில் இரண்டாம் பட்சம். கறியில் இருக்கும் கொழுப்பை என்ன செய்வது என்பதே முதல் கேள்வி. பன்றி வறுவலில் கொழுப்பை உருக்கி எண்ணெயாக்க வேண்டும். உப்புக்கண்டத்தில் ஒட்ட நறுக்கி எறிய வேண்டும். கோலா உருண்டையில் ஓரளவுக்கு மேல் விடக்கூடாது. இது பிடிபட்டால் மூன்றும் கைவந்துவிடும்.

கறி வாங்கும்போது

மதுரைக்குத் தென்கிழக்கே இருக்கும் கீழடி அகழாய்வில் கிடைத்த எலும்புகளில் ஆடு, மாடு, எருமையோடு காட்டுப்பன்றியும் இருந்தது. இந்த மண்ணில் பன்றிக்கு அவ்வளவு பழைய வரலாறு. ஆனால் பழைய பக்குவம் வேண்டும் என்று இப்போது யாரும் காட்டுப்பன்றியைத் தேடக்கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவதும், அந்தக் கறியை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த வெண்பன்றி. வறுவலுக்கு, “அண்ணே, தோலோட, கொழுப்பும் சதையும் கலந்து போடுங்க” என்று கேளுங்கள். வெறும் சதையாக வாங்கினால் வறுவல் வறண்டுபோகும். ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பும் தோலும் இருந்தால் போதும். தோலில் முடி நின்றால் வீட்டில் தணலில் வாட்டி, கத்தியால் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவுங்கள். பன்றியை வைக்கோல் தீயில் வாட்டி மஞ்சள் பூசுவதுதான் கிராமத்து முறை.

வெட்டிய சதையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அதில் அரிசி மணி அளவுக்கு வெள்ளை வெள்ளையாகக் கொப்புளங்கள் தெரிந்தால் அது நாடாப்புழுவின் கூடு. அந்தக் கறியை வாங்கவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் இருந்தாலும் நன்றாக வெந்த கறியில் அந்தப் புழு பிழைக்காது. அதனால் பன்றிக்கறியை உள்ளே சிவப்பு தெரிய அரைவேக்காட்டில் இறக்கக் கூடாது.

1. பன்றி வறுவல்: எண்ணெய் ஊற்றாமல்

தேவையானவை: தோலோடு பன்றிக்கறி 1 கிலோ, சின்ன வெங்காயம் 250 கிராம், காய்ந்த மிளகாய் 12 முதல் 15, பூண்டு 15 பல், இஞ்சி ஒரு துண்டு, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, மிளகு 1 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கொத்து, கல் உப்பு 2 தேக்கரண்டி. ராமநாதபுரம் முண்டு மிளகாய் கிடைத்தால் அதையே போடுங்கள். காரம் முகத்தில் அடிக்காது, நிறமும் நன்றாக வரும்.

முதல் படி: கறியை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் தோல், கொழுப்பு, சதை மூன்றும் இருக்கட்டும். இதைவிடச் சிறிதாக வெட்டினால் கொழுப்பு உருகி முடிவதற்குள் சதை இறுகிவிடும்.

இரண்டாம் படி: அடி கனமான இரும்புச் சட்டியிலோ மண்சட்டியிலோ கறி, மஞ்சள்தூள், பாதி உப்பு, தட்டிய இஞ்சி பூண்டு, அரை டம்ளர் தண்ணீர் சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். எண்ணெய் வேண்டாம். கொதி வந்ததும் மேலே திரளும் நுரையை எடுத்துவிட்டு, மூடி, தீயைத் தணியுங்கள். கறி தானே தண்ணீர் விடும்.

மூன்றாம் படி: முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகட்டும். நாட்டுப்பன்றி என்றால் கூடுதல் நேரம் பிடிக்கும். ஒரு துண்டை எடுத்து ஆறவைத்துத் தோலை விரலால் அழுத்திப் பாருங்கள். விரல் பதிந்தால் பதம். தோல் வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் வேக வேண்டும். அவசரம் என்றால் குக்கரில் ஐந்து விசில் விட்டு, சாற்றோடு சட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். சட்டிக்கு மாற்றாமல் குக்கரிலேயே முடித்தால் அது வறுவல் ஆகாது, அவியல்தான்.

நான்காம் படி: மூடியை எடுத்துவிட்டுத் தண்ணீரை வற்ற விடுங்கள். இங்கே காதைக் கொடுக்க வேண்டும். கொதிக்கும் சத்தம் மெல்ல அடங்கி, படபடவென்று பொரியும் சத்தம் தொடங்கும். சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, கறியும் சிவக்காது. தண்ணீர் போன பிறகுதான் உருகிய கொழுப்பு அதற்கு மேல் சூடேறிக் கறியைச் சிவக்க வைக்கிறது. இந்த நிமிடம் வருவதற்கு முன்பே வெங்காயத்தைக் கொட்டுவதுதான் பலருடைய வறுவல் கொழகொழவென்று போவதற்குக் காரணம்.

ஐந்தாம் படி: கறியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நடுவில் தேங்கிய கொழுப்பில் கிள்ளிய மிளகாயும் கறிவேப்பிலையும் போடுங்கள். மிளகாய் கருகுவதற்குள் உரித்த சின்ன வெங்காயத்தை முழுசாகவோ இரண்டாக அரிந்தோ சேருங்கள். வெங்காயம் வதங்கியதும் எல்லாவற்றையும் ஒன்றாகப் புரட்டி, மீதி உப்பைச் சுவை பார்த்துப் போடுங்கள்.

ஆறாம் படி: மிளகு, சீரகம், சோம்பு மூன்றையும் வெறும் சட்டியில் வறுத்துக் கொரகொரப்பாக இடித்துத் தூவி, சிறுதீயில் பதினைந்து நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரங்கள் கருஞ்சிவப்பாக மாறியதும் இறக்குங்கள். மிதமிஞ்சிய கொழுப்பைச் சட்டியைச் சாய்த்து வடித்துவிடலாம்.

மிளகாய் போர்ச்சுகீசியரோடு பதினாறாம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்கு வந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரத்துக்கு மிளகுதான். இந்த வறுவலில் மிளகாயை ஐந்தாகக் குறைத்து மிளகை இரண்டு மேசைக்கரண்டியாகக் கூட்டினால் அந்தப் பழைய காரத்துக்கு ஓரளவு நெருங்கலாம். பல ஊர்களில் பன்றிக்கறிக்குப் புளிப்பு சேர்ப்பார்கள். கோவாவின் விண்டாலுவில் வினிகர், குடகில் கச்சம்புளி, இலங்கையில் கொறுக்காய்ப்புளி. கொழுப்பின் திகட்டலைப் புளிப்பு வெட்டும் என்பதே காரணம். நம் பக்கத்து வறுவலில் அந்த வேலையை மிளகும் நிறையச் சின்ன வெங்காயமும் பார்த்துக்கொள்கின்றன. கேப்பைக்களிக்கும் ரசச்சோற்றுக்கும் இது சரியான துணை. பன்றிக்கறி உடம்புக்குக் குளிர்ச்சி, மூலத்துக்கு நல்லது என்று ஊரில் சொல்வார்கள். அது நம்பிக்கை. வைத்தியம் என்று எண்ணி அளவு மீற வேண்டாம்.

2. உப்புக்கண்டம்: வெயிலில் காய்ந்த ஆட்டுக்கறி

குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டினால் ஒரே நாளில் தின்று தீராது. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் மிச்சக் கறியைக் காப்பாற்ற இருந்தது உப்பும் வெயிலும்தான். பங்குனி, சித்திரை வெயில் இதற்கென்றே அமைந்தது. இதற்குப் பன்றிக்கறி ஆகாது. அதன் கொழுப்பு காற்றுப் பட்டுச் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். ஆட்டுக்கறியிலும் கொழுப்பையும் ஜவ்வையும் ஒட்ட நறுக்கி எடுக்க வேண்டும்.

தேவையானவை: எலும்பில்லாத தனிக்கறி 1 கிலோ (தொடைப்பகுதி நல்லது), பொடித்த கல் உப்பு 60 கிராம், மஞ்சள்தூள் 1 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் விடாமல் அரைத்த பூண்டு 10 பல், சீரகம் 1 தேக்கரண்டி.

• கறியைச் சுண்டுவிரல் பருமனுக்கு மேல் போகாமல் நீளவாக்கில் அரியுங்கள். பருமன் கூடினால் வெளியே காய்ந்து உள்ளே கெட்டுப்போகும்.

• கழுவி ஈரம் போகத் துணியில் ஒற்றி, உப்பும் மசாலாவும் அழுத்திப் பிசறி, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் அடியில் தேங்கியிருக்கும் நீரைக் கொட்டிவிடுங்கள்.

• கோணி ஊசியில் கெட்டியான நூல் கோத்து, ஒரு துண்டு இன்னொன்றைத் தொடாமல் இடைவெளி விட்டுக் கறியைக் கோத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடிக் கொடியில் கட்டி, மேலே மெல்லிய வலைத்துணி போர்த்துங்கள். ஈயும் காக்காயும் அண்டக்கூடாது.

• காலை ஒன்பது மணிக்குக் கட்டி, மாலை வெயில் சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிடுங்கள். ராத்திரிப் பனி படக்கூடாது. நல்ல வெயிலில் நான்கு முதல் ஆறு நாளில் காயும்.

• கறியில் முக்கால்வாசி தண்ணீர். அதனால் ஒரு கிலோ கறி காய்ந்தபின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். தராசில் போட்டுப் பாருங்கள். ஒரு துண்டை ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும். நடுவில் மெத்தென்று இருந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

• முதல் இரண்டு நாளுக்குள் மேகம் மூடிக்கொண்டால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கழுவிக் குழம்பு வைத்துவிடுங்கள். கெட்ட வாடை, பிசுபிசுப்பு, பூஞ்சை எது தெரிந்தாலும் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

காய்ந்த கண்டத்தை ஈரமில்லாத பீங்கான் ஜாடியில் போட்டு, அவ்வப்போது வெயில் காட்டுவது பழைய முறை. இப்போது ஜாடியை ஃபிரிட்ஜில் வைப்பதே பாதுகாப்பு. சமைக்கும் நாளில் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அம்மியில் வைத்து நார் நாராகப் பிரியும்படி தட்டி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு சிறுதீயில் நன்றாக வறுங்கள். மறுபடி உப்புப் போடக் கூடாது. மொச்சைக் குழம்பிலும் கத்திரிக்காய்க் குழம்பிலும் நாலு துண்டு போட்டால் குழம்பின் மணமே மாறிவிடும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

3. கோலா உருண்டை: வாழைநார் கட்டி

அரைக் கிலோ கொத்துக்கறிக்கு 100 கிராம் பொரிகடலை, அரை மூடித் தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம் 15, காய்ந்த மிளகாய் 8, பூண்டு 8 பல், சோம்பு, கசகசா தலா 1 தேக்கரண்டி, ஒரு துண்டு பட்டை, மூன்று கிராம்பு. கொத்துக்கறியை மஞ்சளும் உப்பும் போட்டுத் தண்ணீர் முழுக்கச் சுண்டும்வரை வதக்கி ஆறவையுங்கள். மசாலாவைத் தனியே வதக்கி, கறியோடு தண்ணீர் விடாமல் அரைத்து, பொரிகடலை மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைந்து எலுமிச்சை அளவில் உருட்டுங்கள். நனைத்த வாழைநாரைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக் கட்டிக் கடலை எண்ணெயில் மிதமான தீயில் பொரியுங்கள்.

நார் கட்டினால் உருண்டை எண்ணெயில் பிரியாது. மாவைக் குறைத்துக் கறியைக் கூட்டிப் போடவும் அது இடம் கொடுக்கும். சாப்பிடும்போது நாரை உருவிவிடலாம். முதலில் ஒரே ஓர் உருண்டையைப் பொரித்துப் பாருங்கள். பிரிந்தால் இன்னும் ஒரு கரண்டி பொரிகடலை மாவு, அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு முட்டை. பன்றிக்கறியில் செய்வதானால் கொழுப்பு நீக்கிய தொடைக்கறியை மட்டும் கொத்தச் சொல்லுங்கள். கொழுப்புக் கலந்தால் எண்ணெயின் சூட்டில் அது உருகி வழிந்து, உருண்டை உள்ளிருந்தே உடைந்துவிடும்.

எதிலிருந்து தொடங்குவது?

புதிதாகக் கை வைப்பவர்கள் வறுவலில் தொடங்குங்கள். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அதைச் சரிசெய்துகொள்ளலாம். கோலாவுக்கு இரண்டாம் இடம். உப்புக்கண்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிச் சமையல் வெயிலின் கையில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆசைப்பட்டு மாடியில் கறியைக் கட்டினால் பணமும் கறியும் சேர்ந்தே போகும். சித்திரை வரட்டும்.