கிணற்றடியில் தொடங்கும் வைத்தியம்



நமது மருத்துவமனைக்கு நீங்கள் அனுப்பும் காணிக்கைகள் பெரும்பாலும் இன்னதற்கென்று குறிக்கப்பட்டே வருகின்றன. ஒருவர் கட்டிலுக்குக் கொடுக்கிறார்; ஒருவர் ஏழை நோயாளியின் அறுவைச் சிகிச்சைக்குக் கொடுக்கிறார்; ஒருவர் தம் தாயாரின் நினைவாக மருந்துச் செலவை ஏற்கிறார். எல்லாவற்றுக்காகவும் நன்றி செலுத்துகிறோம். ஆனால் கக்கூஸ் கட்டுவதற்கென்றோ, கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவதற்கென்றோ குறித்து வந்த காணிக்கை எங்கள் நினைவில் மிகவும் அரிது. வார்டில் ஜெபித்துவிட்டு வெளியே வரும்போது, இந்தக் கட்டில்களில் எத்தனை காலியாக இருந்திருக்கக்கூடும் என்று பல முறை எண்ணியிருக்கிறோம். அந்த எண்ணத்தோடுதான் இம்மாதப் பாடத்தை எழுதுகிறோம்.

பாடத்துக்கு அமெரிக்க நாட்டின் கிராமப்புறங்களை எடுத்துக்கொள்வோம். அங்கே மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவுக்குக் கவுண்டி என்று பெயர். நமது மாவட்டத்தைப் போன்றது. பல இடங்களில் அதைவிடச் சிறியது. அநேக கவுண்டிகளில் சுகாதாரக் குழு ஒன்று உண்டு. அது ஆஸ்பத்திரி நடத்தும் குழு அல்ல. ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வராமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை.

1. யாக்கிமாவில் நடந்தது

வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்ற கவுண்டி இருக்கிறது. பழத்தோட்டங்கள் நிறைந்த பள்ளத்தாக்கு. 1911க்கு முந்தின ஆண்டுகளில் அங்கே டைபாய்டு காய்ச்சல் கடுமையாகப் பரவியிருந்தது. மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பணியிலிருந்து டாக்டர் லெஸ்லி லம்ஸ்டன் என்பவர் 1911ல் அங்கே அனுப்பப்பட்டார். அவர் நோயாளிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. வீடுகளின் பின்புறத்துக்குப் போனார். மூடப்படாத கழிப்பிடங்கள், அவற்றில் மொய்த்த ஈக்கள் சமையலறைக்குள் பறந்து வந்து உணவின்மேல் உட்கார்ந்தன. கழிவு நிலத்தில் இறங்கிக் குடிநீரைச் சேர்ந்தது.

அவர் சொன்ன மருந்து எளியது: கழிப்பிடத்தை ஈ புகாதபடி மூடுங்கள், தண்ணீரைக் காத்துக்கொள்ளுங்கள், இவற்றைத் தொடர்ந்து கவனிக்க முழுநேர ஊழியர் ஒருவரை வையுங்கள். கவுண்டி அவ்வாறே முழுநேரச் சுகாதார அலுவலகம் ஒன்றை அந்த ஆண்டிலேயே நிறுவியது. டைபாய்டு வெகுவாகக் குறைந்தது. அதே 1911ல் வட கரோலினா மாநிலத்தின் கில்ஃபோர்டு கவுண்டியும், 1912ல் அதே மாநிலத்தின் ராப்சன் கவுண்டியும் இப்படிப்பட்ட ஏற்பாட்டைச் செய்தன. யார் முதல் என்ற வாதம் அங்கே இன்றும் உண்டு. நமக்கு அது முக்கியமல்ல.

2. மாத்திரை மட்டும் போதாது

அதே காலத்தில் தென் மாநிலங்களில் கொக்கிப்புழு நோய் பரவியிருந்தது. வெறுங்காலில் நடக்கிறவனின் பாதத்தோல் வழியாக இந்தப் புழு உள்ளே நுழைகிறது. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. பிள்ளைகள் வெளிறி, வளர்ச்சி குன்றி, வகுப்பில் தூங்கிவழிவார்கள். பெரியவர்களை ஊரார் சோம்பேறிகள் என்று பழிப்பார்கள். அவர்களோ சோம்பேறிகள் அல்ல, இரத்தசோகைக்காரர்கள்.

1909ல் ராக்பெல்லர் பத்து லட்சம் டாலர் கொடுத்து, இந்நோயை ஒழிக்க ஒரு ஆணைக்குழுவை ஏற்படுத்தினார். பதினொரு மாநிலங்களில் அது 1914 வரை வேலை செய்தது. சோதிக்கப்பட்ட பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பது பேரிடம் ஏறத்தாழ இந்தப் புழு இருந்தது. சுமார் 7 லட்சம் பேருக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். சிகிச்சை முகாம் நடந்த நாட்களில் ஜனங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் வந்து, நுண்ணோக்கி வழியாகப் புழுவின் முட்டையைத் தாங்களே பார்த்தார்கள்.

ஆனால் ஆணைக்குழு இரண்டரை லட்சம் கிராம வீடுகளைப் பார்வையிட்டபோது, ஏறத்தாழ பாதி வீடுகளில் கழிப்பிடமே இல்லை. மருந்தைச் சாப்பிட்டுப் புழுவை வெளியேற்றிய பிள்ளை, மறுநாள் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தது. புழு திரும்ப ஏறியது. ஆணைக்குழு ஐந்து ஆண்டுகளில் கலைந்துபோனது. அது போன பிறகும் அந்த மண்ணைக் கவனிக்க உள்ளூரில் ஆள் வேண்டியிருந்தது. இதனால்தான் முகாம் நடத்தும்போதே கவுண்டியும் தன் கஜானாவிலிருந்து ஒரு பங்கு போட வேண்டும் என்று கேட்டார்கள். சொந்தக் காசு போட்டவன் வேலையைப் பாதியில் விடமாட்டான்.

3. மேசையைச் சுற்றி யார்?

வட கரோலினாவின் சட்டம் கவுண்டிச் சுகாதாரக் குழுவுக்கு 11 பேரைச் சொல்கிறது: ஒரு மருத்துவர், ஒரு பல் மருத்துவர், ஒரு கண் பரிசோதகர், ஒரு கால்நடை மருத்துவர், ஒரு நர்சு, ஒரு மருந்தாளர், ஒரு பொறியாளர், கவுண்டி நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர், பொதுமக்களில் மூவர். கால்நடை மருத்துவர் ஏன் என்று சிலர் கேட்கலாம். வெறிநாய்க்கடியை நினைத்தால் விளங்கும். பொறியாளர் ஏன்? கழிவுத் தொட்டியும் கிணறும் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று யார் கணக்கிடுவது?

தடுப்பூசி, காசநோய் மருந்து ஒழுங்காகச் சாப்பிடப்படுகிறதா என்ற மேற்பார்வை, கர்ப்பிணிகளின் சத்துணவு, உணவுக்கடைச் சோதனை, புது வீட்டின் கழிவுத் தொட்டிக்கு அனுமதி. இப்படிப்பட்ட வேலைகளே அங்கே கிராமச் சுகாதார அலுவலகங்களின் அன்றாடம். இவற்றில் எதுவும் செய்தித்தாளில் வராது. வரும் நாள் ஏதோ தவறிய நாள்.

கஷ்டமும் உண்டு. சிற்றூரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். வாரநாளில் உங்கள் கிணறு கெட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்த அதிகாரி, ஞாயிற்றுக்கிழமை அதே வீட்டாரின் பக்கத்தில் ஆலயத்தில் உட்கார வேண்டும். போதகர்கள் எதிர்த்ததும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரத்தில் 1902ல் பெரியம்மை பரவியபோது, நகரச் சுகாதாரக் குழு அம்மை குத்திக்கொள்ளக் கட்டளையிட்டது. ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற லுத்தரன் போதகர் மறுத்தார். 5 டாலர் அபராதம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1905ல் தீர்ப்பு குழுவுக்குச் சாதகமாக வந்தது. ஆனாலும் இந்த அதிகாரம் எல்லையற்றதல்ல, கொடுமையாகப் பயன்படக்கூடாது என்றும் நீதிமன்றம் சேர்த்துச் சொன்னது. இரண்டையும் நாம் நினைவில் வைப்பது நல்லது.

4. வேலை நின்றால்

அலபாமா மாநிலத்து லவுன்டஸ் கவுண்டியில் ஏழைகளான கறுப்பின மக்கள் அதிகம். அங்குள்ள களிமண் தண்ணீரை உறிஞ்சாது. சாதாரணக் கழிவுத் தொட்டி பயன்படாது. ஏற்ற தொட்டி அமைக்கப் பணமில்லை. எனவே கழிவு முற்றத்திலேயே தேங்கியது. 2017ல் ஒரு சிறு ஆய்வு, சோதித்த 55 பேரில் 19 பேரிடம் கொக்கிப்புழுவின் அடையாளம் கண்டதாகச் சொன்னது. பின்பு பிள்ளைகளிடையே நடந்த பெரிய ஆய்வில் அது காணப்படவில்லை. புழுவைப்பற்றி வாதம் இருக்கலாம். முற்றத்தில் தேங்கிய கழிவைப்பற்றி வாதமே இல்லை. ஏழைகளுக்கு உதவுவதற்குப் பதிலாக அவர்களைத் தண்டிப்பதாக மாநிலச் சுகாதாரத் துறைமேல் எழுந்த குறையை மத்திய அரசு விசாரித்து, 2023ல் ஓர் உடன்படிக்கை செய்தது. 2025ல் மத்திய அரசே அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. சட்டம் கையில் இருந்தும் கையில் கருணை இல்லாவிட்டால், சுகாதார அதிகாரி ஏழைக்கு இன்னொரு கடன்காரனாகிவிடுகிறார்.

கொரோனா காலத்தில் பல கவுண்டி அதிகாரிகள் மிரட்டலுக்கு ஆளாகிப் பதவியை விட்டார்கள். பல மாநிலச் சட்டமன்றங்கள் இக்குழுக்களின் அதிகாரத்தைக் குறைத்தன. நூறு ஆண்டுகளாகச் சேர்த்த நம்பிக்கை இரண்டே ஆண்டுகளில் குலைந்தது.

5. நமக்கு என்ன?

இது தூரதேசக் கதை மட்டுமல்ல. 1920களில் ராக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு வேலை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1939ல் சென்னை மாகாணமே பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்றை இயற்றியது. வேதத்திலும் பாளயத்துக்குப் புறம்பே போய்க் கழிவை மண்ணால் மூடும்படி உபாகமம் 23ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. முகாமின் தூய்மை வழிபாட்டுக்கு அந்நியமான காரியமாக அங்கே எண்ணப்படவில்லை.

வெளிறிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்க்கு நாங்கள் இரும்புச்சத்து மருந்து கொடுக்கிறோம். சில மாதங்களில் அதே தாய், அதே பிள்ளையோடு திரும்ப வருகிறாள். அப்போது எங்கள் மருந்து தோற்கவில்லை. அவள் வீட்டு முற்றம்தான் மாறவில்லை. காப்பாற்றப்பட்டவனுக்கு முகம் உண்டு. அவன் படத்தை இந்த மடலில் அச்சிடலாம். நோயே வராதவனுக்குப் படம் இல்லை. அவனுக்காகக் கொடுப்பது கடினம். ஆனாலும் கொடுக்கும்படி கேட்கிறோம்.

ஐக்கியக் கூட்டங்களில் பேசுவதற்கு:

1. நம் ஊரில் குடிநீரைச் சோதிப்பவர் யார்? அவரை ஒருமுறையாவது சந்தித்திருக்கிறோமா?
2. மருந்துக்குக் கொடுத்தும், கழிப்பிடத்துக்குக் கொடுக்கத் தயங்குவது ஏன்?
3. சுகாதார விதியை மீறும் ஏழைக்கு அபராதம் நியாயமா, உதவி நியாயமா? இரண்டும் சேர்ந்திருக்க முடியுமா?