பூச்சிகள் குறைந்தனவா?

"அந்நாளில் விளக்கைச் சுற்றி எத்தனை பூச்சிகள்! இன்று ஒன்றையும் காணோமே" என்று முதியோர் சொல்லக் கேளாத வீடு இல்லை. நாமும் அங்ஙனம் சொல்லி வந்தவரே. சொல்லியதோடு நில்லாமல், 2022 ஆம் ஆண்டில் ஒரு நாள் சங்க மண்டபத்தில் உபதேச ஆசனத்தில் அமர்ந்து, பூச்சியினம் அழிந்து வருவதை நமது வீட்டுத் தோட்டத்திலேயே எண்ணிக் கண்டதாக அறிவித்தோம். கேட்டோர் தலையசைத்தனர். ஆனால் அவ்வறிவிப்பு பிழையானது. மறு மாதமே அதே ஆசனத்திலிருந்து அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதை விளக்கினால், நான்கு செடி வைத்திருக்கும் அன்பர்களுக்கும் பயன்படுமெனக் கருதி இப்பாடத்தை எழுதுகிறோம்.

நமது வீடு பெங்களூரில், பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருந்த பழைய வரிசை வீடுகளில் ஒன்று. பின்புறம் பத்தடி அகலமும் இருபதடி நீளமும் உள்ள சிறு நிலம். அதில் ஓர் எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, செம்பருத்தி, நந்தியாவட்டை, ஒரு துளசிப் பாத்தி. மழை பெய்தால் கொஞ்சம் கீரை. பின்வாசலுக்கு மேல் ஒரு விளக்கு. அதன் ஒளி விழும் சுண்ணாம்புச் சுவரில் வந்தமரும் அந்துப்பூச்சி, வண்டு, தத்துப்பூச்சி முதலியவற்றை இரவு எட்டு மணி தொடங்கி அரைமணி நேரம் எண்ணுவதென்று 2021 இல் தீர்மானித்தோம். மாதம் ஒரு நாள் போதும் என நினைத்தோம். எந்த நாள்? பௌர்ணமியன்று உபோசதக் கூட்டம் மாலையிலேயே முடிந்துவிடும், எட்டு மணிக்குத் தவறாமல் வீட்டிலிருப்போம், நாளும் மறந்துபோகாது. ஆதலின் பௌர்ணமியையே வைத்துக்கொண்டோம்.

ஓராண்டு எண்ணினோம். ஒரு மாதம் ஏழு, ஒரு மாதம் நான்கு, மழைக்காலத்தில்கூடப் பதினைந்தைத் தாண்டவில்லை. நமது சிறு வயதில், 1970களின் இறுதியில், ஆலை வாசலில் இருந்த பாதரச விளக்கின் கீழ் காலையில் இறகுகளைத் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளியது கண்முன் நின்றது. முறம் எங்கே, ஏழு எங்கே! இதற்குமேல் சான்று வேண்டுமோ என்று எண்ணி ஆசனம் ஏறிவிட்டோம்.

கூட்டம் கலைந்தபின் ஒரு பெரியவர் நம்மை ஓரமாக அழைத்தார். ஆலையில் நமக்கு மூத்தவர். ஆலை மூடப்பட்டபின் ஒரு கிடங்கில் இரவுக் காவல் பார்த்து வருபவர். பலர் முன்னிலையில் கேட்டால் நமக்குக் குறைவாகும் என்று காத்திருந்தார் போலும்.

"தம்பி, நீ எண்ணியது அனைத்தும் பௌர்ணமியிலா?"

"ஆம் அண்ணே."

"அமாவாசையில் ஒரு நாள் எண்ணிப் பார். நிலாக் காய்கிற இரவில் என் விளக்குக்கும் ஒன்றும் வருவதில்லை."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த அமாவாசையன்று அதே சுவரில், அதே விளக்கின்கீழ், அதே அரைமணி நேரத்தில் 41 பூச்சிகளை எண்ணினோம். எண்ணி முடித்து வெகு நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம்.

நிலவு மிகுந்த இரவுகளில் விளக்குக்கு வரும் பூச்சிகள் குறையும் என்பது பூச்சியியலார் நெடுங்காலமாக அறிந்த செய்தி. வானமே வெளிச்சமாயிருக்கும்போது ஒரு விளக்கின் ஒளி எடுத்துக் காட்டாமற் போவது ஒரு காரணம். சில இனங்கள் அவ்விரவுகளில் பறப்பதையே குறைத்துக்கொள்வது மற்றொரு காரணம் என்பர். விளக்கின் வகையும் அத்தகையதே. பாதரச விளக்கிலிருந்து புற ஊதாக் கதிர் மிகுதியாக வெளிப்படும். பூச்சிகளின் கண் அக்கதிரை நன்கு காணும். ஆகவே அவ்விளக்கு தொலைவிலிருந்தும் அவற்றை இழுக்கும். நமது பின்வாசலில் இருப்பதோ எல்.இ.டி. விளக்கு. அதில் அக்கதிர் இல்லையென்றே சொல்லலாம். ஆலை வாசலின் முறத்தையும் நமது சுவரின் ஏழையும் ஒப்பிட்டது, தராசின் ஒரு தட்டில் படியும் மறு தட்டில் முழக்கோலும் வைத்து நிறுத்தது போலாயிற்று.

இதில் நமக்கு வெட்கம் தந்தது ஒன்றுண்டு. ஏடறியாத் தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நமது தொழிலே கற்பித்த பாடத்தையன்றோ மறந்தோம்! பதினெட்டு வயதில் நாம் நூற்புப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தோம். "இன்றைக்கு இழை அதிகமாக அறுகிறது" என்று மேஸ்திரியிடம் சொன்னால், "எத்தனை கதிருக்கு? எத்தனை நேரத்தில்? எத்தனை?" என்று மூன்று கேள்வி கேட்பார். விடை சொல்ல முடியாதவன் திரும்பிப் போக வேண்டியதுதான். நூறு கதிருக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை அறுப்பு என்று எண்ணினால்தான் அது கணக்கு. அதன் பின்னும் அவர் சுவரிலிருந்த ஈரப்பத மானியைப் பார்ப்பார். காற்றில் ஈரம் குறைந்தால் பஞ்சிழை மிகுதியாக அறும். அது யந்திரத்தின் குற்றமன்று, நூற்பவன் குற்றமும் அன்று. பூச்சிக்கும் இம்மூன்று கேள்விகளும், அந்த ஈரப்பத மானியும் வேண்டும்.

நிற்க. இன்று நாம் எண்ணும் முறையைக் கூறுவோம். விளக்குக் கணக்கை அமாவாசைக்கு மாற்றிக்கொண்டோம். விளக்கின் வகையையும் குறித்து வைத்தோம். பகலில் துளசிப் பாத்தியில் அரை மீட்டர் சதுரத்திற்கு நான்கு குச்சிகளை நட்டுள்ளோம். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு, வெயிலடித்துக் காற்று அடங்கியிருந்தால், பத்து நிமிடம் அச்சதுரத்திற்குள் பூவில் வந்திறங்கும் பூச்சிகளை எண்ணுகிறோம். இது நமது கண்டுபிடிப்பன்று. பிரிட்டனில் 2017 இல் தொடங்கிய மகரந்தப் பூச்சிக் கணக்கெடுப்பில் பொதுமக்கள் செய்வதும் இதே அளவுச் சதுரமும் இதே பத்து நிமிடமுமே. அங்கும் சதுரத்திற்குள் எத்தனை பூ விரிந்துள்ளது என்பதை உடன் எழுதச் சொல்கிறார்கள். மேஸ்திரியின் "எத்தனை கதிருக்கு?" என்னும் கேள்வியன்றி அது வேறென்ன? பூ இருபது மடங்கு பெருகிய வாரத்தில் தேனீ இரு மடங்கானதைக் கண்டு மகிழ்வதற்கில்லை.

பெயர் தெரியவில்லையே என்று அன்பர்கள் தயங்க வேண்டாம். தேனீ, குளவி, ஈ, வண்டு, வண்ணத்துப்பூச்சி, எறும்பு என்று பிரித்தெழுதினாலே போதும். ஓராண்டு பழகினால் கண் தானே கூர்மையாகும். தேனீ என்று ஒரே பெயரில் எழுதிவந்த நாம், இப்போது பெட்டியில் வளரும் அடுக்குத்தேனீ, சிறு கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ, சுவர்ப் பொந்தில் வாழும் கொடுக்கில்லாத கொசுத்தேனீ ஆகிய மூன்றையும் பிரித்தறிகிறோம். தேனீயைப் போல மஞ்சள் வரியுடன் அந்தரத்தில் நின்று பறப்பது தேனீயே அன்று, ஓர் ஈ என்பதை அறியவே எட்டு மாதம் ஆயிற்று. அவ்வீயினத்திற் பலவற்றின் புழு அசுவினியைத் தின்று வாழ்வது.

ஒன்றும் வராத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். எண்ணாத நாளை வெறுமையாக விட வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிய குறிப்பேடு பின்னால் ஒன்றுக்கும் உதவாது. முதலாண்டில் நாம் குழப்பினோம்.

பருவத்தைப் பருவத்தோடுதான் ஒப்பிட வேண்டும். மழைக்காலத்தில் சிற்றுயிர் பெருகும் என்பதைப் பழங்கால மக்களும் அறிவர். மழையில் நடந்து பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்கள் என்று மக்கள் குறை கூறியதாலன்றோ, பிக்குகள் அக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் விதி ஏற்பட்டதாக விநயம் கூறுகிறது? முதல் மழைக்குப் பின் ஈசல் எழும் மாலையை மார்ச்சு மாதத்தோடு ஒப்பிட்டால் உலகமே செழித்ததாகத் தோன்றும். மேலும் தென்னாட்டில், தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஏப்ரல் முதல் ஜூன் வரை, கரிய இறகில் வெளிர்நீல வரியும் புள்ளியும் கொண்ட வண்ணத்துப்பூச்சிகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கித் திரளாக வரும். அக்டோபர், நவம்பரில் திரும்பும். கிலுகிலுப்பைச் செடி இருந்தால் அதில் மொய்க்கும். அவை வழிப்போக்கர், தோட்டத்தின் குடியினர் அல்ல. அவற்றைத் தனியே எழுதுகிறோம்.

கணக்கைத் தொடங்கும் ஆண்டும் நம்மை ஏமாற்றும். 1991 இல் தென்னிந்தியாவில் ஒரு வைரசு நோய் பரவிப் பெட்டித் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் அழிந்தது. பின்னர் மெல்ல மீண்டது. 1990 இல் எண்ணத் தொடங்கியவன் அழிவைக் கண்டிருப்பான். நோய்க்குப் பின் தொடங்கியவன் பெருக்கத்தைக் கண்டிருப்பான். இருவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்படியாயின் பூச்சிகள் குறையவே இல்லையா என்று அன்பர்கள் கேட்கலாம். அங்ஙனம் நாம் சொல்லவில்லை. ஜெர்மனியில் கிரேஃபெல்ட் நகரத்துப் பூச்சியியல் சங்கத்தார் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரே வகைக் கூடாரப் பொறியை வைத்து, விழுந்த பறக்கும் பூச்சிகளை எடைபோட்டு வந்தனர். 1989 முதல் 2016 வரையிலான 27 ஆண்டுகளில் எடை 76 விழுக்காடு குறைந்ததாக 2017 இல் வெளியான ஆய்வு கூறிற்று. உலகம் முழுவதும் 1,676 இடங்களின் பதிவுகளைத் தொகுத்து 2020 இல் வெளியான மற்றோர் ஆய்வு, நிலத்துப் பூச்சிகள் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 9 விழுக்காடு குறைகின்றன, ஆனால் நன்னீரில் வாழ்வன ஏறத்தாழ 11 விழுக்காடு பெருகுகின்றன என்றது. குறைவு மெய், எங்கும் ஒரே அளவினதன்று. அத்தொகுப்பின் பதிவுகளிற் பெரும்பாலானவை ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தவை. நமது ஊர்ப் புறக்கடைகளை எண்ணி எழுதி வைத்தவர் மிகச் சிலரே. நமது பிழையான பேச்சு அந்த வெற்றிடத்திலன்றோ முளைத்தது!

ஒரு வீட்டுத் தோட்டத்தில் என்ன செய்ய முடியும் என்போர் ஜெனிஃபர் ஓவன் அம்மையாரை அறிதல் நன்று. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரின் புறப்பகுதியில், 741 சதுர மீட்டர் தோட்டமுள்ள சாதாரண வீட்டில் வாழ்ந்தவர் அவர். 1972 முதல் 2001 வரை முப்பது ஆண்டுகள் அத்தோட்டத்தில் கண்டவற்றை எழுதி வந்தார். செடி, பறவை உட்பட 2,673 இனங்கள். அவற்றுள் 1,997 பூச்சிகள். காட்டிலன்று, வீட்டுத் தோட்டத்தில்! அவர் விலங்கியல் கற்றவர், நாம் அல்லோம். ஆனால் முப்பது ஆண்டு ஒரே இடத்தில், ஒரே முறையில் பார்ப்பதற்குப் பட்டத்தைவிடப் பொறுமையே மிகுதியாக வேண்டும். தறியும் கதிரும் பார்த்தவர்க்கு அது புதிதன்று.

நமது எலுமிச்சையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 இல் அதன் தளிரில் பறவை எச்சம் போன்ற புழுக்களைக் கண்டு, இலை போய்விடுமே என்று அஞ்சி, கடைக்காரர் கொடுத்த இமிடாகுளோபிரிட் மருந்தைக் கரைத்து வேரில் ஊற்றினோம். அவை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழுக்கள். வளர்ந்தபின் பச்சை நிறம் கொள்ளும். சில இலைகளைத் தின்று கூட்டுப்புழுவாகிவிடும். நன்கு வேரூன்றிய மரம் அதனைத் தாங்கும். நாம் ஊற்றிய மருந்தோ செடியின் உள்ளே சென்று இலைக்கும் பூந்தேனுக்கும் மகரந்தத்திற்கும் பரவும் இயல்புடையது. புழுக்கள் மடிந்தன. சில வாரங்களில் மரம் பூத்தது. பூவிலும் தேனீ குறைவாகவே இருந்தது. ஆனால் அது மருந்தாலா, அவ்வாரம் விடாது தூறியதாலா என்று சொல்ல நம்மிடம் கணக்கில்லை, ஏனெனில் எலுமிச்சைப் பூவை நாம் அதற்குமுன் எண்ணியதேயில்லை. உயிர்க்கொலை தவிர்க்கும் சீலத்தை மாதந்தோறும் பிறர்க்குச் சொல்லிக் கொடுப்பவர் செய்த காரியம் இது. இன்று அம்மரத்திற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியுள்ளோம். கறிவேப்பிலையிலும் அதே புழு வரும். நம் வீட்டம்மையார் அதனை எடுத்து எலுமிச்சையின் கீழ்க்கிளையில் விடுகிறார்.

இப்போது குறிப்பேட்டில் மூன்று ஆண்டுகளின் ஒழுங்கான பதிவு உள்ளது. பெருகிற்றா குறைந்ததா என்று அதைக்கொண்டு நாம் சொல்லப் போவதில்லை. ஒரு நல்ல மழையாண்டும் ஒரு வறண்ட ஆண்டும் அதனுள் கலந்துள்ளன. அண்டை வீட்டார் தம் புறக்கடை முழுவதும் சிமெண்டு பூசிய மாதமும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. இனி வரும் ஆண்டுகளில் அக்கோட்டிற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்ப்போம்.

சென்ற மாதம் நமது பின்சுவருக்கும் பூச்சு வேலை வந்தது. செங்கல் இடுக்கில் கொசுத்தேனீக் கூடொன்று பல ஆண்டாக உள்ளது. வெளியே மெழுகுக் குழாய் ஒன்று விரல் நீளம் நீட்டிக்கொண்டிருக்கும். கொத்தனாரிடம் அதைக் காட்டினோம். அவர் ஒரு தென்னை ஈர்க்கைக் குழாயின் ஓரத்தில் அடையாளமாக நட்டு, ஒரு சாண் வட்டம் விட்டுப் பூசினார். முதல் ஞாயிறு துளசியில் கொசுத்தேனீ பூஜ்யம். இரண்டாம் ஞாயிறு 3. நேற்று 11, விரிந்த பூங்கொத்து 26.