போனில் கிடைத்த சம்மதத்தை நம்பிக் கடைத் தரையை உடைக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் மளிகைக் கடை நடத்துகிறேன். லீஸ் முடிய இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு, பின்சுவரில் ஏர் சோர்ஸ் ஹீட் பம்ப் பொருத்தி, தரைக்குள் வெந்நீர்க் குழாய் பதிக்க ஆசை. மேல்மாடி ஃபிளாட்டுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கட்டட உரிமையாளர் போனில் சரி என்றுவிட்டார். வேலையைத் தொடங்கலாமா? அரசு மானியம் உண்டா?

பதில்: தொடங்காதீர்கள். உங்கள் உரிமையாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நாளை அவர் கட்டடத்தை விற்றால், வாங்குபவர் போன் பேச்சையா பார்ப்பார்? லீஸ் பத்திரத்தைத்தான் பார்ப்பார். அதில் பெரும்பாலும் "எழுத்து மூலமான சம்மதம்" என்றுதான் இருக்கும்.

பத்திரத்தில் முதலில், உங்களுக்கு எதை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்ற பகுதியைப் படியுங்கள். மேலே ஃபிளாட் உள்ள கடைகளில், உட்பூச்சும் தரைவிரிப்பும் மட்டுமே வாடகைக்காரருக்கு என்று எழுதுவது வழக்கம். கான்கிரீட் தளம், வெளிச்சுவர், பின்முற்றம் எல்லாம் உரிமையாளருடையவை. அப்படியானால் பம்பை வைப்பதே அடுத்தவர் சொத்தில். அதற்குத் தனி உரிமை எழுதி வாங்க வேண்டும். அவர் மறுத்தால் கீழே சொல்லும் சட்டம் துணைக்கு வராது.

உங்களுக்கு விட்ட பகுதிக்குள் நடக்கும் வேலை என்றால் நிலைமை வேறு. "சம்மதம் இல்லாமல் மாற்றம் செய்யக்கூடாது" என்று லீஸ் சொன்னால், 1927ஆம் ஆண்டின் லேன்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம் 19(2)ஆம் பிரிவின்படி, கடையை மேம்படுத்தும் வேலைக்கு அவர் நியாயமின்றி மறுக்க முடியாது. அது மேம்பாடா என்பதை வாடகைக்காரரின் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்று 1938இல் வுல்வர்த் கடை வழக்கில் அப்பீல் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லீஸ் அடியோடு தடுத்தாலும் அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. வரைபடத்தோடு முறையான நோட்டீஸ் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் ஆட்சேபம் வராவிட்டால் வேலையைச் செய்யலாம். ஆட்சேபித்தால் நீதிமன்றம் தீர்மானிக்கும்.

உங்களுக்குத் தேவை "லைசன்ஸ் ஃபார் ஆல்டரேஷன்ஸ்" என்னும் பத்திரம். அதில் நான் மிகவும் கவலைப்படுவது, காலி செய்யும்போது பழையபடி ஆக்கித் தரவேண்டும் என்ற நிபந்தனை. பம்பைக் கழற்றி எடுத்துப் போகலாம். ஸ்கிரீடு என்னும் தரைச் சாந்துக்குள் புதைந்த குழாயை எடுக்கத் தரை முழுவதையும் உடைக்க வேண்டும். பதித்ததைவிட அதற்குக் கூடுதல் செலவானாலும் வியப்பில்லை. "தரைக் குழாய்களை அகற்றத் தேவையில்லை" என்ற வரியை இப்போதே கேட்டு வாங்குங்கள். அதோடு, வேலையைச் செய்வது உங்கள் விருப்பம் என்று இருக்கட்டும், கடமை என்று இருக்க வேண்டாம். உங்கள் லீஸ் 1954ஆம் ஆண்டின் லேன்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் பாதுகாப்புக்குள் இருந்தால், கடமையாகச் செய்த மேம்பாட்டின் மதிப்பைப் புதுப்பிக்கும்போது வாடகையில் சேர்த்துக் கேட்க இடமுண்டு.

வீடுகளுக்கு உள்ள பிளானிங் விலக்கு கடைக் கட்டடத்துக்குக் கிடையாது. கவுன்சிலிடம் அனுமதி கேளுங்கள். மேல்வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் பம்ப் ஓடும் என்பதால் சத்த அளவீட்டு அறிக்கையும் கேட்பார்கள். கட்டடம் 2000க்கு முந்தியது என்றால், பழைய வினைல் டைல்ஸிலும் அதன் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சர்வே எடுக்காமல் ஒரு டைலைக்கூடப் பெயர்க்க விடாதீர்கள். உங்கள் ஊழியர்கள் அந்தத் தூசியைச் சுவாசிக்க நேரக்கூடாது.

அரசின் பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் தரும் 7,500 பவுண்ட் மானியம், 45 கிலோவாட் வரையுள்ள பம்ப் பொருத்தும் சிறு வணிகக் கட்டடத்துக்கும் பொருந்தும். ஆனால் அது சொத்தின் உரிமையாளருக்கானது. விண்ணப்பிப்பவர் எம்சிஎஸ் என்ற தரச்சான்று பெற்ற நிறுவுநர். ஆகவே உரிமையாளரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் இதில் லாபம் இருக்கிறது: 1 ஏப்ரல் 2023 முதல், விலக்குப் பெறாத வணிகக் கட்டடத்தின் எனர்ஜி சான்றிதழ் 'இ' தரத்துக்குக் கீழே இருந்தால் தொடர்ந்து வாடகைக்கு விட முடியாது. வீடுகளுக்கான பூஜ்ய மதிப்புக்கூட்டு வரி (விஏடி) சலுகை கடைக்கு இல்லை; விலைப்பட்டியலில் 20 சதவீதத்தைக் கூட்டிப் பாருங்கள்.

லைசன்ஸும் பிளானிங் அனுமதியும் கைக்கு வந்த பிறகே ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் என்று நிறுவுநரிடம் எழுதி வாங்குங்கள். அதுவரை முன்பணம் கட்ட வேண்டாம்.