டீசல் லாரியில் திரும்பத் திரும்ப வரும் பிரஷர் கோளாறு

நம்மில் பலர் கடையோடு ஒன்றிரண்டு லாரியும் வைத்திருக்கிறோம். மூட்டையைத் தட்டிப் பார்த்தே பருப்பின் தரம் சொல்வோம். வண்டி விஷயத்தில் மட்டும் மெக்கானிக் நீட்டும் பில்லுக்கு மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்துவிடுகிறோம். நானும் கொடுத்தவன்தான். அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

பாலசமுத்திரத்திலிருந்து கொடைக்கானல் கடைகளுக்கு அரிசி, பருப்பு ஏற்றிப்போகும் எங்கள் லாரி பழனி பக்கம் சமவெளியில் நன்றாக ஓடும். மலைச்சாலையில் லோடுடன் ஏறும்போது இழுவை போய், மஞ்சள் விளக்கு எரிந்து நின்றுவிடும். ஒர்க் ஷாப்பில் பில்டர் மாற்றினார்கள். நாலு நடை ஓடியது. மறுபடி நின்றது. பிரஷர் சென்சார் மாற்றினார்கள். அதற்கும் நிற்கவில்லை கோளாறு. "ஹைபிரஷர் பம்ப் போய்விட்டது, 60,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். மலைமேல் உள்ள கடைக்காரர்களோ வேறு இடத்தில் சரக்கு வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்போது எங்கள் டிரைவர் தம்பி சொன்னார்: "முதலாளி, நின்ற இடத்தில் அரைமணி நேரம் விட்டால் தானாகச் சரியாகிவிடுகிறது. பம்ப் கெட்டிருந்தால் அப்படி ஆகுமா?" இதை அவரிடம் யாரும் முன்பு கேட்கவில்லை. நானும்தான்.

டீசல் போகும் வழியைத் தெரிந்துகொண்டால் அவர் கேள்வியின் நியாயம் விளங்கும். டேங்குக்குள் இறங்கியிருக்கும் உறிஞ்சு குழாய், அதன் நுனியில் வலை, பிறகு ஹோஸ், தண்ணீர் பிரிக்கும் முன்பில்டர், ஃபீட் பம்ப், மெயின் பில்டர், ஹைபிரஷர் பம்ப், ரயில், இஞ்செக்டர். லாரி டயரில் நாம் அடிக்கும் காற்று 7, 8 பார். காமன் ரயில் வண்டியில் முழு லோடில் ரயிலுக்குள் இருக்கும் அழுத்தம் 1,600 பாரும் அதற்கு மேலும் போகும். ஆனால் எவ்வளவு பெரிய பம்பானாலும் தன்னிடம் வந்து சேர்ந்த டீசலைத்தானே தள்ள முடியும்? பின்னால் வரத்துக் குறைந்தால் முன்னால் பிரஷர் விழும். கம்ப்யூட்டரில் "ரயில் பிரஷர் குறைவு" என்று வரும். அது நோயின் அறிகுறிதான்; எந்த உறுப்பு கெட்டது என்று அது சொல்வதில்லை.

ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள பகுதியில் ஒரு சூட்சுமம் உண்டு. அங்கே டீசல் உறிஞ்சப்படுகிறது. ஹோஸில் வெடிப்போ, செம்பு வாஷர் தேய்மானமோ இருந்தால் டீசல் வெளியே சொட்டாமல், காற்று உள்ளே போகும். கீழே ஈரம் இல்லை என்பதால் கசிவே இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. ஒரு முழம் கண்ணாடி ஹோஸை நடுவில் மாட்டி இன்ஜினை ஓட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது டேங்க் மூடி. மூச்சுத் துவாரம் அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் காரணம் அதுதான். அதுவும் இல்லையென்றால், சுத்தமான டீசல் கேனில் உறிஞ்சும் குழாயையும் ரிட்டன் குழாயையும் விட்டு, மெக்கானிக்கை வைத்து ஓட்டிப் பார்க்கலாம். கேனில் கோளாறு மறைந்தால் தப்பு டேங்கிலோ டேங்கிலிருந்து வரும் குழாயிலோதான்.

எங்கள் வண்டியில் டேங்கை இறக்கினோம். மூடி தொலைந்துபோன நாட்களில் பழைய துணியை வாயில் சுருட்டி வைத்திருந்தார்கள். அந்த நூலும், தண்ணீர் தேங்கி உண்டான கருப்புக் கசடும் உறிஞ்சு வலையில் அப்பியிருந்தன. வண்டி நின்றால் அழுக்கு கீழே உதிரும். ஏற்றத்தில் அதிகம் உறிஞ்சும்போது மறுபடி ஒட்டும். புதுப் பில்டர் போட்டதும் மொத்தத் தடை சற்றுக் குறைந்ததால்தான் நாலு நடை ஓடியிருக்கிறது. டேங்க் கழுவிய கூலியும் புது மூடியும் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்தது.

எல்லா வண்டிக்கும் டேங்கே காரணம் என்று சொல்லவில்லை. இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டால் இஞ்செக்டரில் ரிட்டன் அதிகமா என்று பார்க்கவேண்டும். ஒவ்வொரு இஞ்செக்டரின் ரிட்டன் டீசலையும் தனித்தனிப் பாட்டிலில் ஒரே நேரம் பிடித்தால், தேய்ந்துபோனதன் பாட்டில் சீக்கிரம் நிரம்பும். வரத்துச் சரி, ரிட்டன் சரி, வயரிங் சரி என்ற பிறகே பம்ப் பக்கம் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய லாரிகளில் இன்ஜின் ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்ப்பார்கள். காமன் ரயிலில் அதைச் செய்யவே கூடாது. பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போல்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலே போய்விடலாம். கசிவைக் கையால் தடவிப் பார்ப்பதும் இதே ஆபத்துதான்.

இனி பில்டர் மாற்றும்போது பழையதில் உள்ள டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி இரவு முழுவதும் வைத்திருங்கள். அடியில் தண்ணீரோ கருப்புக் கசடோ நின்றால், பாகம் வாங்கப் பணம் எடுப்பதற்கு முன் டேங்கை இறக்கச் சொல்லுங்கள்.