சாயம் பழக மேற்கே போங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருந்துகொண்டு, துணிக்குச் சாயம் ஏற்ற எங்கே கற்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத்தான் கை காட்டுவார்கள். அங்கே போக வேண்டியதுதான். ஆனால் ஊன்றிக் கற்க நினைப்பவருக்கு நல்ல பள்ளிக்கூடம் எதிர்த்திசையில் இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி வழியாக ஓடும் அரக்கோணம் ரயில் பாதையே பாதி தூரம் கொண்டுபோய் விட்டுவிடும். ஆந்திராவின் காளஹஸ்தியைச் சொல்கிறேன். அங்கே கிளம்பும் முன் வீட்டுப் பக்கத்திலேயே முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு.

முதலில் உள்ளூர் வகுப்பு. தையலும் ஆரி வேலையும் சொல்லிக்கொடுக்கும் வீடுகளிலேயே பிளாக் பிரின்ட், டை அண்ட் டை, பாத்திக் எல்லாம் சனி, ஞாயிறுகளில் நடக்கும். இவற்றைக் குறைவாக நினைக்காதீர்கள். அச்சுக்கட்டையை எவ்வளவு அழுத்த வேண்டும், நூலை எத்தனை இறுக்கமாகக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் கை பழகினால்தான் வரும். பணம் கட்டும் முன் மட்டும், எந்த வகைச் சாயம் என்று கேட்டுவிடுங்கள். பிளாக் பிரின்டுக்குப் பெரும்பாலும் பிக்மென்ட்டையும் பைண்டரையும் கலந்து வைத்திருப்பார்கள். அது நூலின் மேல் படிந்து நிற்கும் நிறம். காய்ந்தபின் நன்றாக இஸ்திரி போட்டால் பிடித்துக்கொள்ளும். ரியாக்டிவ் சாயம் அப்படியல்ல. அது சோடா சாம்பலின் துணையோடு பருத்தி இழையோடு கூடிப்போவது. அதற்கு மணிக்கணக்கில் ஊற வேண்டும். இரண்டு மணி நேரத்தில் வகுப்பை முடித்து, உடனே அலசிக் காட்டச் சொன்னால் அந்தத் துணி அடுத்த சலவையில் வெளுக்கும். பாத்திக்கில் நாப்தால் வகைச் சாயம் என்றால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். உடலுக்குக் கெடுதல் என்று சில அசோ சாயங்களை இந்திய அரசு 1990களிலேயே தடை செய்திருக்கிறது. ஆகவே பெயர் ஒட்டாத பொட்டலத்திலிருந்து பொடியை அள்ளிப் போடும் இடத்தில் உட்காராமல் எழுந்து வந்துவிடுவது நல்லது.

நல்ல ஆசிரியரைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: துணியை எப்படித் தயார் செய்கிறார் என்று பாருங்கள். கடையிலிருந்து வரும் காடாத்துணியில் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். சோடாவும் சோப்பும் போட்டு ஒரு மணி நேரமாவது கொதிக்கவைத்து, அலசிக் காயப்போட்டு, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். சொட்டு சட்டென்று உள்ளே இறங்கினால் துணி தயார். முத்துப் போல மேலேயே நின்றால் மறுபடியும் வேக வேண்டும். இதைக் காட்டாமல் நேரே சாய வாளிக்குப் போகும் வகுப்பில் திட்டுத் திட்டான துணிதான் கிடைக்கும்.

அடுத்தது தண்ணீர். ஒரே சாயம் கொரட்டூரில் ஒரு நிறமும் திருநின்றவூரில் வேறு நிறமும் தந்தால், ஆழ்துளைக் கிணற்றின் மேல் சந்தேகப்படுங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். கடுக்காய்ப் பொடி கரைத்த நீரில் ஒரு வெள்ளைத் துண்டை ஊறவைத்துக் காயப்போடுங்கள், இளமஞ்சளாக இருக்கும். அதை உங்கள் குழாய்த் தண்ணீரில் நனைத்து அரை மணி விட்டுப் பாருங்கள். சாம்பல் பூத்தால் இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் மஞ்சள் நிறங்கள் எல்லாம் பாசி படிந்ததுபோல மங்கிவிடும். மழைநீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்துங்கள். ஆனால் சுண்ணாம்புச் சத்து மட்டும் கூடுதலாக உள்ள உப்புத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். மஞ்சிட்டிச் சிவப்பு அதில்தான் நன்றாக ஏறும்.

அலசிய நீர் எங்கே போகிறது என்பதை ஆசிரியரிடமும் கேளுங்கள், உங்கள் வீட்டிலும் யோசியுங்கள். ஆலைக் கழிவால் கொரட்டூர் ஏரி பட்ட பாடு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. பூந்தமல்லிக்குப் பக்கத்துச் செம்பரம்பாக்கமோ சென்னை குடிக்கும் தண்ணீர். படிகாரம், கடுக்காய், இரும்பு என்ற அளவில் நின்றால் கெடுதல் குறைவு. மயில்துத்தமும் குரோம் உப்பும் வீட்டுக்குள் வரவே வேண்டாம். எத்தனை அழகான பச்சை கிடைத்தாலும் சரி.

சாமான் வாங்க: துணிக்குக் கோடவுன் தெரு. கடுக்காய், மஞ்சிட்டி, படிகாரம், அவுரிக்கு ராசப்பச் செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகள். இரண்டும் பாரிமுனைப் பக்கம்தான். அவுரி கேட்கும்போது இலைப்பொடி வேறு, சாயக்கட்டி வேறு என்று சொல்லிக் கேளுங்கள். தலைக்குப் பூசும் இலைப்பொடியைத் தொட்டியில் கரைத்துவிட்டு நீலத்துக்குக் காத்திருப்பது வீண்.

இனி கடற்கரைப் பக்கம். முட்டுக்காடு தட்சிணசித்ரா 1996இல் திறக்கப்பட்டது, செவ்வாய்க்கிழமை விடுமுறை. குழந்தைகளோடு போய், ஒரு நாளில் பல கைவினைகளைத் தொட்டுப்பார்க்க ஏற்ற இடம். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் கைவினை மையத்தில் தறியோடு, மூங்கில் பேனாவால் துணியில் வரையும் கலம்காரியும் நடக்கிறது. முன்கூட்டிப் பேசிவிட்டுப் போனால் வேலை நடக்கும்போது பார்க்கலாம். முட்டுக்காடு போகிற வழியில் ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலத்தில் இறங்குங்கள். கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய அந்த ஓவியர் கிராமம், ஓவியர்கள் பாத்திக் துணி செய்து விற்ற காசில் காலூன்றியது. மெழுகும் சாயமும் ஓவியனுக்குச் சோறு போட்ட இடம் என்பதாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

சென்னையில் ‘கலம்காரி பயிலரங்கு’ என்று அறிவிப்பு வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அக்ரிலிக் வண்ணத்தை மூங்கில் பேனாவால் தீட்டவைத்து அனுப்பிவிடும் வகுப்புகள் உண்டு. அது ஓவியப் பயிற்சி. கலம்காரி முழுக்க முழுக்க வேதியியல், அதைக் காளஹஸ்தியில் பார்க்க வேண்டும்.

அங்கே 1957இல் அனைத்திந்தியக் கைவினைப் பொருள் வாரியம் ஒரு பயிற்சி மையம் தொடங்கியது. அழிந்துகொண்டிருந்த கலையைத் தூக்கி நிறுத்தியதில் அந்த வாரியத்தின் தலைவராக இருந்த கமலாதேவி சட்டோபாத்யாயின் பங்கு பெரிது. கலம்காரிக் கலைஞர் ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாடே இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. இன்றும் பல குடும்பங்கள் வீட்டிலேயே வேலை செய்கின்றன. கேட்டுக்கொண்டால் உட்காரவைத்துச் சொல்லித்தருபவர்கள் உண்டு.

காடாத்துணியைக் கடுக்காய் கரைத்த எருமைப்பாலில் நனைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துகிறார்கள். கடுக்காயின் துவர்ப்புத்தான் நிறத்தைப் பிடிக்கும் கொக்கி. பாலின் கொழுப்பு, மை பரவாமல் தடுக்கும். புளியங்குச்சியைச் சுட்ட கரியால் உருவத்தை வரைகிறார்கள். பிறகு கலம்: கூராகச் சீவிய மூங்கில் குச்சி, நுனிக்குச் சற்று மேலே துணியோ கம்பளியோ உருண்டையாகச் சுற்றி நூலால் இறுக்கியிருக்கும். அந்த உருண்டை மையைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரல் அழுத்தினால் அளவாக இறங்கும். மை என்பது துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறவைத்து நாள்கணக்கில் புளிக்கவிட்ட நீர். பானைக்குள் வெறும் பழுப்புத் தண்ணீர்தான். கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் கோடு கண்ணெதிரே கறுத்துக்கொண்டு போகும். சிவப்பு வேண்டிய இடத்தில் சிவப்பைத் தீட்டுவதில்லை, படிகாரக் கரைசலைத்தான் தீட்டுகிறார்கள். துணியைச் சிவப்புச் சாயத்தில் கொதிக்கவைக்கும்போது படிகாரம் பட்ட இடம் மட்டும் ஆழச் சிவக்கும். மற்ற இடத்தில் ஒட்டியதை ஸ்வர்ணமுகி ஆற்று நீரோட்டத்தில் அலசி எடுத்துவிடுவார்கள்.

இந்தச் சிவப்புக்கு ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையின் சாயவேர்தான் ஆதாரம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மதராசில் இடம் பெற்றதும், 1734இல் நெசவாளர்களுக்கென்றே சிந்தாதிரிப்பேட்டை அமைந்ததும் இப்படிப்பட்ட துணிகளுக்காகத்தான்.

போகும் வழி: அம்பத்தூரிலிருந்தோ ஆவடியிலிருந்தோ மின்சார ரயிலில் அரக்கோணம், அங்கிருந்து திருப்பதி ரயிலில் ரேணிகுண்டா, பிறகு பேருந்தில் சுமார் 25 கிலோமீட்டர். கார் இருந்தால் ஊத்துக்கோட்டை வழி நேர்வழி. ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆனால் ஒரு துணியைக் கடுக்காயிலிருந்து சிவப்பு வரை பார்க்க மூன்று நான்கு நாளாவது தங்க வேண்டும். தங்குங்கள். முன்கூட்டியே பேசி, கூலியும் சாமான் செலவும் எவ்வளவு என்று கேட்டு, பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். தெலுங்கு தெரியாவிட்டாலும் காரியம் நடக்கும்.

பூந்தமல்லிக்காரர்களுக்குக் காஞ்சிபுரம் பக்கம், நேர்ப் பேருந்து உண்டு. பட்டு நூல் சிட்டங்களைக் கழியில் மாட்டிச் சாயத்தில் திருப்பித் திருப்பி முக்குவதை ஒரு காலையில் பார்த்துவிடலாம். கற்றுக்கொள்ள என்று அங்கே போகாதீர்கள், வேலை நெருக்கடியில் யாருக்கும் நேரம் இருக்காது.

நீலம் மட்டும் பாக்கி. அதற்கு ஆரோவில். இயற்கை அவுரியைப் புளிக்கவைத்த தொட்டிகளில் துணி முக்கும் கலர்ஸ் ஆஃப் நேச்சர் அங்கே இருக்கிறது. தொட்டியிலிருந்து பச்சையாக வெளிவரும் துணி, காற்றுப் பட்டு ஓரத்திலிருந்து நீலமாக மாறுவதைப் பார்க்காமல் சாயம் கற்றேன் என்று சொல்ல முடியாது. வெளிவட்டச் சாலையில் வண்டலூர் இறங்கி, கிளாம்பாக்கத்தில் புதுச்சேரி பஸ் பிடியுங்கள்.

எப்போது போவது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் துணி காயாது. பாத்திக் கற்க டிசம்பர் கடைசியும் ஜனவரியும் ஏற்றவை. கோடையில் மெழுகு இளகி, அழகான விரிசல் விழாது. காளஹஸ்திக்கு ஜனவரி பாதிக்கு மேல் புறப்படுங்கள்; மழை ஓய்ந்து வெயில் திரும்பியிருக்கும், ஆற்றிலும் தண்ணீர் இருக்க வாய்ப்பு அதிகம். மகா சிவராத்திரி வாரத்தை மட்டும் தவிருங்கள். கோயில் கூட்டத்தில் தங்க அறை கிடைப்பது கடினம்.