மீன் தோலும் இரத்தக் கொதிப்பும்

மீனை அரிந்தபின் தோலையும் முள்ளையும் குடலையும் எறிந்துவிடுகிறோம். (தலைக்கறிப் பிரியர்கள் தலையை மட்டும் விடமாட்டார்கள்!) மீன் பதனிடும் ஆலைகளில் இக்கழிவு மலைபோல் குவிகின்றது, தீவனமாகவும் உரமாகவும் போகின்றது. இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் பொருளை அதிலிருந்து பெற இயலுமா என அறிவியலார் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர்.

மாணவர்களே, நம் இரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் என்றொரு பொருள் உண்டு. அது பத்து மணிகள் கோத்த மாலை போன்றது. ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். ‘ஏசிஇ’ என்னும் நொதி, கத்தரிக்கோலைப் போல் அதன் நுனியில் இரண்டு மணிகளை வெட்டிவிடுகின்றது. எஞ்சிய எட்டு மணி மாலை இரத்தக் குழாய்களை இறுக்குகின்றது, அழுத்தம் ஏறுகின்றது. அக்கத்தரிக்கோலைத் தடுக்கும் வழியைக் காட்டியது எது தெரியுமா? பாம்பின் நஞ்சு! பிரேசில் நாட்டு ஜரராகா விரியனின் நஞ்சைப் பற்றி செர்ஜியோ ஃபெரெய்ரா 1965இல் வெளியிட்ட ஆய்வே தொடக்கம். அவ்வழியில் உருவான கேப்டோபிரில் மாத்திரைக்கு 1981இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

மீனின் புரதமும் நீண்ட மாலையே. அதனை நொதிகளால் துண்டாக்கினால் பெப்டைடு எனும் சிறு துண்டுகள் கிடைக்கும். அவற்றுட் சில ஏசிஇ கத்தரிக்கோலின் வாயில் சிக்கிக்கொள்வதால், அது ஆஞ்சியோடென்சினை வெட்ட இயலாமற் போகின்றது. நண்டு இறைச்சியைப் போல் சிவப்புச் சாயமிட்டு விற்கப்படும் குச்சிகள் பெரும்பாலும் அலாஸ்கா பொல்லாக் என்னும் மீனின் சதையால் ஆனவை. அம்மீனின் தோலிலிருந்து இத்தகைய மூன்று மணித் துண்டுகளைத் தென்கொரிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 2001இல் அறிவித்தனர்.

ஜப்பானியர் சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டைபோல் உலர்த்தி வைப்பர். அதிலிருந்து பெற்ற ஐந்து மணித் துண்டு அடங்கிய உணவுக்கு அந்நாட்டு அரசு, நலம் பயக்கும் உணவு என அனுமதி வழங்கியது. ஆயினும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அச்சான்றுகளை ஆராய்ந்து, அவை போதா என 2010இல் கூறிவிட்டது. இத்துண்டுகள் வயிற்றில் மேலும் சிதைவுறக் கூடும். இரத்தத்தைச் சேர்வது சிறிதே.

ஆகவே பெற்றோர்களே, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு மீன் தோலை நம்பலாகாது. கருவாட்டை நம்புவது அதனினும் கேடு. அதிலுள்ள உப்பு கொதிப்பை ஏற்றிவிடும்.

ஆய்வாளர்க்கு வேறொரு தொல்லையும் உண்டு. புரதத்தைத் துண்டாக்கிய கலவை பல வேளைகளில் கசக்கின்றது. அக்கசப்பை நீக்காமல் அதனை உணவில் கலந்தால் எவர் உண்பார்?